ஐம்பது பேர் வாழும் ஊருக்கு எழுநூறு மீட்டர் சுவர்

கேட்டிருப்பது இது: "பெர்லினைப் போலவே ஜெர்மனியில் ஒரு குக்கிராமத்தையும் சுவர் எழுப்பி இரண்டாக்கி வைத்திருந்தார்களாமே, உண்மையா? அந்த ஊரின் கதை என்ன?"

உண்மைதான். ஊரின் பெயர் மோட்லராய்ட். ஜெர்மன்காரர்கள் அந்த முதல் எழுத்தை வாயைக் குவித்துக்கொண்டு 'மெ'க்கும் 'மோ'வுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகச் சொல்வார்கள். நமக்கு மோட்லராய்ட் போதும். பவேரியாவின் வடகிழக்கு மூலையில், ஹோஃப் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீடுகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதாது, ஆனால் ரொம்ப நேரமும் ஆகாது. மக்கள்தொகை சுமார் 50. ஊர்ப்பெயரின் கடைசியில் வரும் 'ராய்ட்' என்பதற்குக் காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். பக்கத்தில் இருக்கும் பெரிய ஊரான பைராய்ட்டின் பெயரிலும் இதே வால்தான். யாரோ சில குடியானவர்கள் மரம் வெட்டி, நிலம் திருத்தி உட்கார்ந்த ஊர் என்பது பெயரிலேயே இருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன். ஒன்றாக இருந்த ஊரை 1945இல் வந்த வெளியார் கோடு போட்டுப் பிளந்தார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கோடு அதற்கு 135 வருஷம் முன்பே அங்கே இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். இந்த ஊரின் கதையில் என்னை இழுப்பதே அதுதான்.

ஊருக்கு நடுவே டன்பாக் என்று ஒரு ஓடை போகிறது. 'பாக்' என்றாலே ஓடைதான், ஆகவே டன்பாக் ஓடை என்று சொல்வது நடுசென்டர் மாதிரி. ஆனாலும் அப்படியே சொல்லிக்கொள்வோம். ஆறு என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கொஞ்சம் ஓடி வந்து ஒரு தாவு தாவினால் அக்கரை. 1810இல் பைராய்ட் பகுதியை நெப்போலியனிடமிருந்து பவேரிய அரசு 15 மில்லியன் பிராங்க் கொடுத்து வாங்கியது. வாங்கிய நிலத்துக்கு எல்லை காட்ட வேண்டுமல்லவா? இந்த ஓடையோரம் கல் நட்டார்கள். கல்லின் ஒரு முகத்தில் கே.பி., அதாவது பவேரிய முடியாட்சி. இன்னொரு முகத்தில் எஃப்.ஆர்., அதாவது ராய்ஸ் சிற்றரசு. ஓடைக்கு ஒரு பக்கத்து வீடுகள் மூனிக்கில் இருந்த ராஜாவுக்கு, மறுபக்கத்து வீடுகள் ராய்ஸ் வம்சத்துச் சிற்றரசருக்கு.

ஊர்க்காரர்களுக்கு இதனால் என்ன மாறியது என்றால், வரியை எங்கே கட்டுவது என்பது மட்டும்தான். பள்ளிக்கூடம் ராய்ஸ் பக்கம், சாராயக்கடையோடு கூடிய விடுதியும் ராய்ஸ் பக்கம். தேவாலயத்துக்கு எல்லாருமாகப் பவேரியப் பக்கம் இருக்கும் டோபென் என்ற ஊருக்குப் போவார்கள். ஞாயிறு காலை தேவாலயத்துக்காக ஒரு முறை ராஜ்யம் விட்டு ராஜ்யம், சாயங்காலம் பீருக்காக இன்னொரு முறை. 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசு ஆனது. முதல் உலகப்போர் முடிந்ததும் ராஜாக்கள் எல்லாரும் முடியைக் கழற்றிவிட்டுப் போனார்கள். 1920இல் ராய்ஸ், அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளோடு சேர்ந்து துரிங்கியா என்ற மாநிலமாயிற்று. கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு மாநிலங்களின் ஓரத்தில் உள்ள எந்த ஊரிலும் நடப்பதுதானே என்று மக்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

சரி, வினை எங்கே பிடித்தது? லண்டனில் ஒரு மேசை மேல். 1944 செப்டம்பர் 12ஆம் தேதி அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், தோற்கப்போகும் ஜெர்மனியை யார் யார் எந்தப் பகுதியில் ஆள்வது என்று எழுதினார்கள். புதிதாக அளந்து கோடு போட யாருக்கு நேரம்? இருக்கிற மாநில எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். துரிங்கியா சோவியத்துக்கு, பவேரியா அமெரிக்காவுக்கு. வரைபடத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்த மாநில எல்லை ஒரு இடத்தில் பள்ளிக்கூடத்துக்கும் அதில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கும் நடுவே போகிறது என்பது வரைபடத்தில் தெரியாது.

1945 ஏப்ரலில் முதலில் வந்தவர்கள் அமெரிக்கர்கள். துரிங்கியா முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது. ஜூலை முதல் வாரம் ஒப்பந்தப்படி விலகிக்கொண்டார்கள். அதற்குக் கைமாறாக, சோவியத் படை பிடித்து வைத்திருந்த பெர்லினில் மேற்கத்திய நாடுகளுக்கு இடம் கிடைத்தது. மேற்கு பெர்லின் என்ற ஒன்று உண்டானதும், டன்பாக் ஓரத்தில் செம்படை வந்து நின்றதும் ஒரே கொடுக்கல் வாங்கலின் இரண்டு பக்கங்கள். பின்னாளில் அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த ஊருக்குக் 'குட்டி பெர்லின்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர்கள் நினைத்ததைவிடப் பொருத்தமான பெயர். இன்னொரு வேடிக்கை: வந்த சோவியத் சிப்பாய்கள் ஓடையோடு நிற்கவில்லை. பவேரியப் பக்கத்து வீடுகளையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். எல்லை எது என்று பேசித் தீர்த்து, அவர்கள் ஓடைக்கு அந்தப்பக்கம் போக சுமார் ஓராண்டு ஆயிற்று.

அப்புறமும் சில வருஷம் வாழ்க்கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1949இல் இரண்டு ஜெர்மனிகள் பிறந்தன. ஒரு கிராமம் இரண்டு தேசங்களில் இருப்பதாக ஆயிற்று. ஆனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருந்தால் ஓடையைத் தாண்டலாம். எதிர்க்கரையில் இருக்கும் தன் நிலத்தை உழப் போகலாம்.

எல்லாம் முடிந்தது 1952 மே 26 அன்று. மேற்கு ஜெர்மனி அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸோடு ஒரு பெரிய உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே நாளில், கிழக்கு ஜெர்மனி தன் எல்லையை மூடும் ஆணையைப் போட்டது. ஆணையின் அளவுகள் மூன்று. எல்லையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு நிலத்தை உழுது, பரம்படித்து வைக்க வேண்டும். மண்ணில் கால் தடம் விழுந்தால் தெரிந்துவிடும், அதில் கால் வைத்தால் சுடுவார்கள். அதற்கு அடுத்து 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அதற்கும் அடுத்து 5 கிலோமீட்டர் தடை மண்டலம். உள்ளே குடியிருப்பவருக்கு அடையாள அட்டையில் தனி முத்திரை. வெளியே இருந்து வருகிறவர்களுக்கு முன்கூட்டி விண்ணப்பம் போட்டு வாங்கிய சீட்டு. கிழக்கு மோட்லராய்ட் முழு ஊருமே அந்த 500 மீட்டருக்குள் அடங்கிவிட்டது.

விளைவு எப்படி என்றால், கல்யாணத்துக்கு அழைத்தால் மாமாவும் அத்தையும் வர முடியாது. செத்தாலும் அப்படித்தான், சீட்டு வர வேண்டும், வந்தால்தான் உண்டு. இருட்டினால் வெளியே தலை காட்டக்கூடாது. வயல் வேலை பகலில் மட்டும், காவலர்கள் பார்க்க.

பத்து நாள் கழித்து, ஜூன் தொடக்கத்தில், வீடு காலி செய்யும் படலம். எல்லையோரத்தில் இருப்பவர்களில் 'நம்பத்தகாதவர்கள்' என்று பட்டியல் போட்டார்கள். மேற்கில் சொந்தக்காரர் இருக்கலாம், விடாமல் தேவாலயத்துக்குப் போகிறவராக இருக்கலாம், கொஞ்சம் நிலம் வைத்திருந்து வாய் நீளமானவராக இருக்கலாம். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்ததாகவும் இருக்கலாம். விடியற்காலையில் லாரி வந்து நிற்கும். தூக்க முடிந்ததைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நாட்டின் உள்பகுதிக்குப் போய்விட வேண்டும். இந்த நடவடிக்கைக்குத் துரிங்கியாவில் வைத்த ரகசியப் பெயர் 'உங்கெட்சீஃபர்'. பூச்சி, பேன், எலி மாதிரி ஒழிக்க வேண்டிய ஜந்துக்களுக்கு ஜெர்மனில் பொதுவாகச் சொல்லும் சொல் அது. தன் சொந்தக் குடிகளை, அதுவும் உழைப்பாளிகளின் அரசு என்று சொல்லிக்கொண்ட ஒரு அரசு, கோப்பில் இப்படி எழுதி வைத்தது. 1961இல் இரண்டாம் தவணை. மொத்த எல்லையிலும் சேர்த்து இரண்டு தடவையுமாகப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வேரோடு பிடுங்கப்பட்டார்கள். மோட்லராய்ட்டும் தப்பவில்லை.

ஓடைக் கரையில் முதலில் வந்தது ஆள் உயரத்துக்கும் மேலான பலகை வேலி. பிறகு முள்கம்பி. கடைசியில், பெர்லின் சுவர் எழுந்து ஐந்து வருஷம் கழித்து, 1966இல் கான்கிரீட் சுவர். நீளம் 700 மீட்டர், உயரம் 3.3 மீட்டர். கணக்குப் போட்டால் ஊரில் ஆளுக்கு 14 மீட்டர் சுவர். காவல் கோபுரம், இரவெல்லாம் எரியும் விளக்கு, நாய்கள் எல்லாம் உண்டு.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். 1,393 கிலோமீட்டர் நீளமுள்ள இரு ஜெர்மனி எல்லையில் பெரும்பாலான இடங்களில் சுவர் கிடையாது. இரும்பு வலை வேலிதான். வலை மலிவு, ஏறுவதற்குக் கஷ்டம், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று காவலருக்கும் தெரியும். அப்படியிருக்க இந்த ஐம்பது பேருக்கு எதற்குக் கான்கிரீட்? காரணம், பார்வை. வயல்வெளியில் வலை போதும். வீடுகள் எல்லையை ஒட்டியே இருக்கும் ஊரில் வலை வழியாக முகம் தெரியும், சைகை தெரியும், யார் வீட்டுத் துணிக்கொடியில் என்ன காய்கிறது என்பதும் தெரியும். ஆள் தாண்டுவதைத் தடுக்கிற அளவுக்குப் பார்ப்பதையும் தடுக்க வேண்டியிருந்தது. மோட்லராய்ட்டைப் போலச் சுவர் எழுப்பிய வேறு சில கிராமங்களிலும் இதே கதைதான். லோயர் சாக்சனி பக்கத்துச் சிஷெரியும் அதை ஒட்டிய கிழக்கு ஊரான போக்விட்சும் அப்படிப் பிரிந்து கிடந்தவை.

ஆனாலும் பார்வையை முழுசாக அடைக்க முடியவில்லை. நிலம் மேடும் பள்ளமுமாக இருப்பதால், மேற்குப் பக்கத்துச் சரிவில் ஏறி நின்றால் சுவருக்கு மேலே கிழக்கு வீடுகளின் கூரையும் முற்றமும் தெரியும். மேற்கில் இருப்பவர் கையை ஆட்டலாம், கூப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கிழக்கில் இருப்பவர் திரும்பக் கை ஆட்டக்கூடாது. வணக்கம் சொல்லக்கூடாது. எல்லைக்கு அந்தப்பக்கம் சைகை செய்வதே குற்றம்; கோபுரத்தில் இருப்பவர் குறித்துக்கொள்வார். ஆகவே, சரிவில் நின்று அண்ணன் கையாட்டுகிறான் என்று தெரிந்தும் தங்கை வாளியை எடுத்துக்கொண்டு தலை நிமிராமல் மாட்டுக்கொட்டகைக்குள் போக வேண்டும். சுட்டது, கண்ணிவெடி வைத்தது எல்லாம் வரலாற்றுப் புத்தகங்களில் நிறைய வரும். என்னைக் கேட்டால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள அந்தத் தூக்காத கை ஒன்றே போதும்.

1972இல் இரண்டு ஜெர்மனிகளும் அடிப்படை உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, மேற்கில் எல்லையோர மாவட்டத்தார் கிழக்கின் எல்லையோர மாவட்டங்களுக்குப் போய்வர வழி பிறந்தது. மோட்லராய்ட்டுக்கு விடிவு வந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஊரில் வாசல் கிடையாது. நெடுஞ்சாலையில் ஹிர்ஷ்பெர்க் பக்கம் இருக்கும் சோதனைச் சாவடிக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே நுழைந்தாலும், தடை மண்டலத்துக்குள் மேற்கத்தியரை விடமாட்டார்கள். எதிர்வீட்டுக்குப் போவதைத் தவிர மற்ற எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம் என்பது போன்ற சலுகை.

சுவரைத் தாண்டியவர் யாருமே இல்லையா? 1973 மே 25 அன்று ஒருவர் தாண்டினார். எல்லைப் பகுதிக்குள் வண்டி ஓட்டிவர அனுமதி இருந்த ஆள். வண்டியை நேராகச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தி, அதன் மேல் ஏணியைச் சாய்த்து, ஏறிக் குதித்துவிட்டார். இவ்வளவு கோபுரம், விளக்கு, நாய், காவல் எல்லாம் இருந்த இடத்தில் ஒரு வண்டியும் ஓர் ஏணியும்!

மேற்குப் பக்கம் மெல்ல ஒரு சுற்றுலா இடமாக மாறியது. பஸ் பஸ்ஸாக வந்து சுவரைப் பார்த்துப் படம் எடுத்துப் போவார்கள். 1983 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் வந்தார். பின்னால் அதிபரானாரே, அவரேதான். 1963இல் கென்னடி பெர்லினில் சொன்ன பிரபலமான வாக்கியத்தை ஊர்ப்பெயர் மாற்றி, தானும் ஒரு மோட்லராய்ட்காரன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனார். கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருந்தாலும் கேட்காத மாதிரிதான் இருந்திருக்க வேண்டும்.

1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. குட்டி பெர்லினில் மறுநாள் காலை எழுந்து பார்த்தால் சுவர் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கிழக்கு மோட்லராய்ட்காரர் பெர்லினுக்குப் போய் மேற்கில் காலடி வைக்கலாம். ஓடையைத் தாண்ட முடியாது. இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. டிசம்பர் 9 அன்று சுவரில் ஒரு துண்டை எடுத்து, நடந்து போக மட்டும் வழி விட்டார்கள். கூட்டம் கூடி, இரண்டு பக்கத்தாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். 37 வருஷம் முன்பு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அதற்குள் தாத்தா பாட்டி ஆகியிருந்தார்கள்.

1990 ஜூன் 17 அன்று பொக்லைன் மாதிரியான ஓர் இயந்திரம் வந்து சுவரைத் தள்ளியது. நாளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 1953இல் அதே தேதியில் கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. மேற்கு ஜெர்மனி அந்த நாளை விடுமுறையாக வைத்திருந்தது.

முழுவதையும் இடித்துவிடவில்லை. நூறு மீட்டர் அளவுக்கு விட்டுவைத்தார்கள். அந்தச் சமயத்தில் அது எவ்வளவு சங்கடமான யோசனையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: நாற்பது வருஷம் கண்ணை உறுத்திய ஒன்று, இப்போதாவது தொலைந்தது என்று இருக்கும்போது, ஒரு பகுதியை அப்படியே வையுங்கள் என்று சொல்வது! ஆனால் எல்லையின் மற்ற இடங்களில் உற்சாகத்தில் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து, பின்னால் வந்த பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் போனதைப் பார்க்கும்போது, இவர்கள் செய்தது நல்ல காரியம் என்றுதான் தோன்றுகிறது. அதே 1990இல் அருங்காட்சியகமும் தொடங்கிவிட்டது. இன்று வெட்டவெளியில் நிற்கும் சுவர், கோபுரம், வலை வேலி எல்லாவற்றையும் போய்ப் பார்க்கலாம்.

இதே எல்லையில் மோட்லராய்ட்டைவிடக் கெட்ட விதி வாய்த்த ஊர்களும் உண்டு. துரிங்கியாவின் தெற்கில் பில்முட்ஹவுசன் என்று ஒரு கிராமம். எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதற்காகவே வீடு வீடாக இடித்து, தேவாலயத்தையும் இடித்து, 1978இல் கடைசிக் குடும்பத்தையும் அனுப்பிவிட்டார்கள். அங்கே மிஞ்சியது கல்லறைத் தோட்டம்தான். அதை நினைத்தால், இரண்டாகக் கிடந்தாலும் மோட்லராய்ட் ஊராகவே மிஞ்சியது.

கடைசியாக, இப்போது எப்படி என்று கேட்பீர்கள். ஜெர்மனி ஒன்றாகிவிட்டதால் மோட்லராய்ட்டும் ஒன்றாகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. 1810இல் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. ஓடைக்கு ஒரு பக்கம் டோபென் ஊராட்சியைச் சேர்ந்தது, ஹோஃப் மாவட்டம், பவேரியா. மறுபக்கம் கெஃபெல் என்ற சிறு நகரத்தோடு சேர்ந்தது, சாலே-ஓர்லா மாவட்டம், துரிங்கியா. மேயர் இரண்டு பேர். அஞ்சல் குறியீட்டு எண் 95183 ஒரு பக்கம், 07926 மறுபக்கம். வண்டி நம்பர் பிளேட் வேறு. எதிர்வீட்டுக்காரரை லேண்ட்லைனில் கூப்பிட எஸ்.டி.டி. கோட் போட வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் இவர்கள் மூனிக்குக்கு ஆள் அனுப்புகிறார்கள், அவர்கள் எர்ஃபர்ட்டுக்கு. காலையில் பார்த்தால் பவேரியக்காரர் 'க்ரூஸ் கோட்' என்று கடவுளைச் சேர்த்து வணக்கம் சொல்வார், துரிங்கியக்காரர் 'குட்டன் டாக்' என்று பொதுவாகச் சொல்வார்.

இரண்டு மாநிலங்களின் விடுமுறைப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள், துரிங்கியாவில் விடுமுறை, பவேரியாவில் இல்லை. மறுநாள் நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாள், பவேரியாவில் விடுமுறை, துரிங்கியாவில் இல்லை. ஆக வருஷத்தில் அந்த இரண்டு நாளும், ஒரு தாவலில் தாண்டிவிடக்கூடிய ஓடைக்கு ஒரு பக்கம் கிழமை நாள், மறுபக்கம் ஞாயிற்றுக்கிழமை மாதிரி. லீவில் இருப்பவர் நடந்து பாலத்தைத் தாண்டி, வேலைக்குக் கிளம்பும் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டலாம். அவரும் திரும்ப ஆட்டலாம்.